ஏசி போட்டால் பழைய கார் சூடாகிறதா? காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

கோடையில் சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வரும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் பானட்டைத் திறந்துவைத்து ஓரமாக நிற்கும் கார்களை அடிக்கடி பார்க்கலாம். பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டிகள். கேட்டால் வரும் பதில், "ஏசி போடலைன்னா ஒண்ணும் இல்லைங்க, போட்டாத்தான் ஹீட் ஆகுது." அதற்குப் பட்டறைகளில் பலருக்கும் கிடைக்கும் அறிவுரை, "அப்போ ஏசி போடாம ஓட்டுங்க."

இந்த அறிவுரையை ஏற்காதீர்கள். புதிதாக இருந்தபோது அதே வண்டி, அதே ஏற்றத்தை, அதே ஏசியோடு ஏறியது. இன்று முடியவில்லை என்றால் கூலிங் சிஸ்டத்தில் ஏதோ ஒன்று பாதி பழுதாகியிருக்கிறது, ஏசி அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஏசியை அணைத்து ஓட்டினால் குறை மறையுமே தவிரத் தீராது. மீதிப் பாதியும் போகும் நாளில் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) செலவாக வந்து நிற்கும்.

ஏசி இரண்டு வழிகளில் சுமை ஏற்றுகிறது. முதலாவது, கம்ப்ரஸரைச் சுற்ற இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். 800 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு இது சின்ன விஷயமில்லை. இரண்டாவது இன்னும் முக்கியம்: ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. காருக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை அது முன்பக்கம் வரும் காற்றில் கொட்டுகிறது. வெளியே 38 டிகிரி என்றால், ரேடியேட்டருக்கு வந்து சேரும் காற்று அதைவிட நன்றாகவே சூடாகியிருக்கும். ஆரோக்கியமான ரேடியேட்டர் இதையும் சேர்த்துத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

சாலையில் டேஷ்போர்டின் வெப்பமானி முள் ஏறினால்

முதலில் ஏசியை அணையுங்கள். ஹீட்டர் இருக்கும் வண்டி என்றால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரையும் முழு வேகத்தில் போட்டு, ஜன்னல்களை இறக்குங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் கோர் ஒரு சின்ன ரேடியேட்டர் என்பதால் முள் சற்று இறங்கும். கணவாய் வளைவில் நிற்க வேண்டாம். பின்னால் லாரிகள் வரும், அகலமான ஓரம் கிடைக்கும் இடம்வரை மெதுவாக நகர்த்துங்கள். ஆவி வந்தாலோ முள் சிவப்பைத் தொட்டாலோ மட்டும் அந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல், கிடைத்த ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். மேல் ஹோஸை அழுத்தினால் தொளதொளவென்று இருக்க வேண்டும், கையில் சூடு பொறுக்க வேண்டும். அதன்பிறகும் தடித்த துணியைப் போட்டு, முதல் கட்டம்வரை மட்டும் திருப்பி, அழுத்தம் போனபின் முழுதாகத் திறங்கள். கொதித்துக் கிடக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவே வேண்டாம், ஹெட் வளைந்துவிடும்.

படி 1: எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள்

பானட்டைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பாதி நோயறிதல் இங்கேயே முடிந்துவிடும். பட்டறைக்குப் போய் "ஹீட் ஆகுது" என்று மட்டும் சொன்னால், மெக்கானிக் தனக்குப் பழக்கமான பாகத்தைத்தான் முதலில் மாற்றுவார்.

டோல்கேட் வரிசையிலோ தர்மபுரி பேருந்து நிலையம் பக்கம் நெரிசலிலோ நிற்கும்போது ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மேல். நின்றால் காற்றுக்கு ஃபேனை விட்டால் வேறு வழி இல்லை, ஓடினால் காற்று தானாக வருகிறது.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் சமாளித்து, தேசிய நெடுஞ்சாலை 44இல் எண்பது தொண்ணூறு வேகத்தில் போகும்போது மெல்ல மெல்ல ஏறினால் பெரும்பாலும் ஃபேன் காரணம் இல்லை. ரேடியேட்டர் உள்ளேயோ வெளியேயோ அடைத்திருக்கும், அல்லது தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கும். ஏற்றத்தில் மட்டும், அதாவது தொப்பூரிலோ கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏறும்போதோ காட்டினால், இதே குறை ஆரம்ப நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

காலையில் எடுத்து ஐந்து பத்து நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது தண்ணீர் குறைவாக இருக்கலாம். முள் திடீரென்று மேலே போய் திடீரென்று கீழே வந்தால் உள்ளே காற்று நின்றிருக்கிறது. ஏசி இல்லாமலும் சூடாகிறது என்றால் பெரிய சந்தேகங்களை, குறிப்பாக ஹெட் கேஸ்கட்டை, முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உண்மையிலேயே சூடுதானா?

ஏசி பொத்தானை அழுத்திய அந்த நொடியே முள் துள்ளி ஏறினால், அது சூடு இல்லை. இன்ஜின் வெப்பம் ஒரு நொடியில் பத்து டிகிரி ஏற முடியாது. எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். ஹெட்லைட் போட்டாலும் முள் இப்படித் துள்ளினால் சந்தேகமே வேண்டாம். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயர்களைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள்.

அது இல்லையென்றால், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டின் மேல் அளந்து பாருங்கள். பளபளப்பான அலுமினியத்தில் தவறாகக் காட்டும் என்பதால், அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அளப்பது நல்லது. 85 முதல் 100 டிகிரிக்குள் இருந்துகொண்டு முள் மட்டும் சிவப்பில் நின்றால் சென்சாரையோ மீட்டரையோ பாருங்கள்.

படி 3: குளிர்ந்த இன்ஜினில் தண்ணீரும் மூடியும்

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்து டப்பாவில் அளவு சரியாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மூடி கெட்டுப்போன வண்டியில் டப்பா நிரம்பியிருக்கும், ரேடியேட்டர் பாதி காலியாக இருக்கும்.

தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். செங்கல் நிறம் என்றால் துரு. பால் கலந்த டீ மாதிரி இருந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது, மற்ற படிகளைத் தள்ளிவைத்து நேராகப் படி 8க்குப் போங்கள்.

மூடியின் அடி ரப்பர் வெடித்திருக்கிறதா, நடுவில் இருக்கும் சின்ன வால்வு இழுத்து விட்டால் திரும்புகிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்பதாலேயே இந்தப் பாகத்தை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அது வருத்தம். தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கும் ஓசூரில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் அதே தண்ணீர் 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். மூடி தளர்ந்தால் அந்த இருபது டிகிரி பாதுகாப்பு மொத்தமும் போய்விடுகிறது. வண்டி ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால், மூடியின் நடு வால்வு வேலை செய்யவில்லை. பழைய மூடியில் போட்டிருக்கும் அழுத்த அளவையே பார்த்து வாங்குங்கள். அதிக அழுத்தம் இருந்தால் நல்லது என்று கூட்டி வாங்கினால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

படி 4: ஒழுகல்

இரவு வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்து, காலையில் பாருங்கள். ஏசி ஓடும்போது அடியில் சொட்டும் நிறமில்லாத தண்ணீர் இயல்பானது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு எனக் கூலன்ட் நிறத்தில் இருந்தால்தான் விஷயம். தொட்டு ருசி பார்க்காதீர்கள். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் தெரு நாய்களும் நக்கிவிடாமல் உடனே கழுவிவிடுங்கள்.

ஹோஸ் கிளிப்புகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருந்தால் அங்கே கசிவு உண்டு. வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஈரத் தடம் இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. முன் சீட்டுக் காலடியில் கார்பெட் ஈரமாகி, கண்ணாடியில் உள்பக்கம் பிசுபிசுப்பாகப் பனி படிந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. ஒன்றும் கண்ணில் படாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால், பட்டறையில் பிரஷர் டெஸ்டர் போட்டு, மூடியின் அழுத்தத்துக்கு ஏற்றி, பத்து நிமிடம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டையை மஞ்சள் தூள் போட்டு அடைக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. நடுக்காட்டில் வீடு போய்ச் சேர உதவலாம். ஆனால் அந்தத் தூள் ஓட்டையை மட்டும் அடைக்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

படி 5: ஃபேன்

ஏசி போட்டால் மட்டும் சூடாகும் வண்டிகளில் முதலில் பிடிபடும் குற்றவாளி இதுதான், அதனால் அவசரப்படாமல் பாருங்கள். துண்டு, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் அருகில் போகக் கூடாது. ஃபேன் எந்த நேரமும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். கம்ப்ரஸர் 'டக்' என்று பிடித்ததும், பெரும்பாலான பழைய கார்களில் கண்டென்சர் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், அடுத்து ரிலே. அதே மாதிரி ரிலே வேறு எதற்காவது போட்டிருந்தால், அதைக் கழற்றி இங்கே மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும். அப்படியும் சுற்றாவிட்டால் சாக்கெட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரடியாக மோட்டாருக்கு மின்சாரம் கொடுங்கள். சுற்றினால் குறை ஒயரிங்கில். சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது.

சுற்றுகிறது என்பதோடு விட்டுவிட வேண்டாம். பழைய மோட்டாரில் கார்பன் தேய்ந்து, சுற்றும், ஆனால் இழுக்காது. முன் கிரில்லில் ஒரு தாளைப் பிடியுங்கள். ஃபேன் நன்றாக இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ளும். விழுந்தால் இழுவை போதாது. வெளியே தள்ளினால், மோட்டார் மாற்றியபோது ஒயரைத் தலைகீழாக இணைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் எதிரே வரும் காற்றோடு மோதிக்கொண்டிருக்கும் ஃபேன் அது. நல்ல வண்டியும் இதில் சூடாகும்.

ஏசி இல்லாமல் ரேடியேட்டர் ஃபேன் தானாகப் போடுகிறதா என்பது தனிச் சோதனை. நின்ற இடத்தில் ஓடவிட்டால், முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் ஃபேன் போட்டு, சற்று நேரத்தில் அணைய வேண்டும். போடவே இல்லை, ஆனால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்றால் தெர்மோ சுவிட்சைச் சந்தேகியுங்கள். சிலர் டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்து ஃபேனை நேரடியாக இணைத்துக் கொடுப்பார்கள். போட மறந்த ஒரு நாள் போதும், இன்ஜின் போய்விடும்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா? பம்பருக்கு அடியிலிருக்கும் தடுப்பு இருக்கிறதா? ஒரு வேலைக்காகக் கழற்றி, திரும்ப மாட்டாமலேயே விட்ட வண்டிகள் நிறைய. கூடு இல்லாவிட்டால் ஃபேன் தன்னைச் சுற்றியிருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். பெல்ட்டில் ஓடும் விஸ்கஸ் ஃபேன் உள்ள டீசல் ஜீப் வகை வண்டிகளில், இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடிப்போடு சுற்ற வேண்டும். தங்கு தடையின்றிச் சுற்றினால் ஃபேனின் கிளட்ச் போய்விட்டது.

படி 6: காற்று போகும் வழி, ஏசி கேஸ்

கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் விரல் அகல இடைவெளிதான் இருக்கும். கிரானைட் குவாரி லாரிகள் ஓடும் கிருஷ்ணகிரிச் சாலைகளில் தூசி, பூச்சி, இலைச்சருகு எல்லாம் அங்கே போய்ப் படிந்து கம்பளி போலாகிவிடும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். அதற்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாட்டர் சர்வீஸில் முன்னாலிருந்து வேகமாக அடிக்கும் தண்ணீர் அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும், அலுமினிய மடிப்புகளையும் வளைத்துவிடும். ஃபேன் கூட்டைக் கழற்றி, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை விடுங்கள். வெளியே ஓடும் தண்ணீர் தெளியும்வரை விட வேண்டும்.

அண்மையில் ஏசிக்குக் கேஸ் ஏற்றிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்ததா? கேஸ் அதிகமாகிவிட்டால் கண்டென்சர் அழுத்தமும் சூடும் கூடும், கம்ப்ரஸர் இழுவையும் கூடும். கேஜ் மாட்டி இரண்டு பக்க அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அளவுக்கு மேல் ஏற்றுவதால் குளிர்ச்சி கூடாது. கம்ப்ரஸர் பிடிக்கும்போது பெல்ட் கிறீச்சிட்டால், கம்ப்ரஸர் பேரிங் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

படி 7: தெர்மோஸ்டாட், பம்ப், ரேடியேட்டர் உள்பக்கம்

குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதலில் குளிர்ச்சியாக இருந்து, முள் நடுவுக்கு வரும்போது சட்டென்று சூடாக வேண்டும். முள் ஏறிக்கொண்டே போகிறது, ஹோஸ் இன்னும் சூடாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் அடியில் படாமல் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். அதன்மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டிப் போட்டுடலாம்" என்பார்கள். விடாதீர்கள். சில இன்ஜின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றினால் கொஞ்சம் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றும். மற்றவற்றில் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

பெல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். யாராவது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தட்டும், நீங்கள் கீழ் ஹோஸைக் கவனியுங்கள். வேகம் கூடும்போது அது உள்ளுக்கு ஒட்டினால் ஹோஸ் நைந்திருக்கிறது, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. வெறும் தண்ணீரிலேயே வருடக்கணக்கில் ஓடிய வண்டியில் பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம். வெளியே ஒழுகாது, சத்தமும் வராது, தண்ணீரை மட்டும் தள்ளாது. கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, நம் மாவட்டங்களுக்கே உரிய விஷயம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பற்றி எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகத்தான் வந்தது. ஃபுளோரைடு எலும்புக்கும் பல்லுக்கும் கேடு. ரேடியேட்டருக்குக் கேடு செய்வது அதே போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். ஹீட்டர் ராடில் படியும் வெள்ளைப் படலத்தை வீட்டில் பார்த்திருப்பீர்கள். அதுதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. வெப்பம் கடக்காது, வழியும் குறுகும். தண்ணீர் குறையும் ஒவ்வொரு முறையும் போர் தண்ணீரை ஊற்றினால், ஒவ்வொரு முறையும் புதிய உப்பு உள்ளே போகிறது.

கண்டுபிடிக்க: வண்டியை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, ரேடியேட்டர் முகத்தைப் பின்பக்கத்திலிருந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் வரிசையாக அளவெடுங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் ராடிங் வேலை இன்னும் சில பட்டறைகளில் நடக்கிறது. அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் என்றால் மாற்றுவதுதான் சரி. வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: பல மாடல்களில் ஏசி வண்டிக்குத் தடித்த ரேடியேட்டர், ஏசி இல்லாததற்கு மெல்லியது. முன்பு யாரோ மெல்லியதை மாட்டியிருந்தால் இத்தனை தொல்லைக்கும் அதுவே காரணமாக இருக்கும்.

படி 8: ஹெட் கேஸ்கட்

குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் சில குமிழிகள் வரலாம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைகிறது. மூடி போட்ட நிலையில், ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே பொருள். சைலன்சரில் இடைவிடாத வெள்ளைப் புகை, எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைவது, டிப் ஸ்டிக்கில் பால்போல எண்ணெய் ஆகியவை மற்ற அடையாளங்கள். உறுதிசெய்ய ஒரு நீலத் திரவச் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் அதை வைத்துக் காற்றை இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாக மாறும். கேஸ்கட் மாற்றும்போது ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டில் புதுக் கேஸ்கட் நிற்காது.

படி 9: நிரப்புவதும் ஓட்டிப் பார்ப்பதும்

எதைச் சரிசெய்தாலும் கடைசியில் கூலன்டைச் சரியாக நிரப்ப வேண்டும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. தண்ணீரே கலக்காத கூலன்ட் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். அது கலவையைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். தயாராகக் கலந்து விற்பதில் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, சூடாவதற்கு முன் ஹோஸ்களை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஏர் ஸ்குரூ இருக்கும் வண்டியில் அதைத் தளர்த்தி, குமிழி நின்று தண்ணீர் வந்ததும் இறுக்குங்கள். மட்டம் நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை போட்டு அணையும்வரை ஓடவிடுங்கள்.

முதலில் நின்ற இடத்தில் ஏசியோடு இருபது நிமிடம். அது தேறினால் மதிய வெயிலில் தொப்பூர் இறங்கி, திரும்பி ஏறி வாருங்கள். ஓசூர் பக்கம் உள்ளவர்களுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை ஏற்றம் போதும். ஏசி போட்டபடி, சரியான கியரில், இன்ஜினைத் திணறவிடாமல் ஏறுங்கள். முள் நடுவுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணைத்து, வீடு திரும்பியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. கிளட்ச் நழுவல், இக்னிஷன் டைமிங் இரண்டையும் அடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் மறுநாள் காலை, குளிர்ந்த ரேடியேட்டரில் மட்டத்தை ஒருமுறை பார்த்து, குறைந்ததை அதே கலவையால் நிரப்புங்கள்.